ஆற்றலும் அடக்கமும்

ஆற்றலை விரும்புவது மனித இயல்பு. அவ்வாற்றல் எதற்கு என்னும் வினா எழும்போதுதான் அறம் தொடங்குகிறது. நாட்டை ஆள்வோர்க்கும் செல்வர்க்கும் மட்டுமன்றி, கருவி வாங்கச் செல்லும் ஓர் எளிய இசைக்கலைஞர்க்கும் இவ்வினா உரியதாகும்.

கோல சிலாங்கூர் வட்டாரம் தோட்டத் தமிழரின் பழைய வாழ்விடம். மலேசியாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டமாகிய தென்னமரம், 1917ஆம் ஆண்டில் இங்குத்தான் உருவாயிற்று. இவ்வட்டாரத்துத் தோட்டத் திடல்களிலும் ஈஜோக், ஜெராம், பெஸ்தாரி ஜெயா போன்ற ஊர்களிலும் திருவிழா இரவென்றால் மக்கள் இசைக்குழுவை எதிர்பார்ப்பர். 1976இல் ‘அன்னக்கிளி’ வழியாக அறிமுகமான இளையராஜாவின் பாடல்கள் பலவற்றில் பேஸ் கித்தார் தனக்கென ஒரு தனி நடையில் செல்லும். அது கேளாதாயின் பாடலின் ஒரு பகுதியே மறைந்துவிடும். ஆகவே, அதனை வாசிக்கும் இளைஞர் தம் 100 வாட் ஆம்பிளிபயர் போதாதென்று, 300 வாட் கருவியொன்றை நாடினால் அதனை வீண் ஆசை என்று ஒதுக்குதல் முறையாகாது.

அவர் விருப்பத்துக்கு இயற்கையே காரணம் காட்டுகிறது. பேஸ் கித்தாரின் தடித்த நரம்பு நொடிக்கு ஏறத்தாழ 41 முறை அதிர்கிறது. இத்தகைய தாழ்ந்த ஒலியை மனிதச் செவி எளிதில் உணர்வதில்லை. அமெரிக்க ஆய்வாளர் பிளெட்சரும் மன்சனும் 1933இல் இதனை அளந்து காட்டினர். சுவரில்லாத திடலிலோ அவ்வொலி மேலும் மெலிகிறது. சிறிய கருவியை வரம்புக்கு மீறி வருத்தினால் சுரம் சிதையும்.

ஆயினும், கணக்கையும் அறிதல் வேண்டும். வாட் இரட்டித்தால் ஒலி 3 டெசிபல் மட்டுமே உயரும். செவிக்கு இருமடங்காகத் தோன்ற ஏறக்குறைய பத்து மடங்கு வாட் தேவை. 3 டெசிபல் கூடுதலாக ஒலிக்கும் திறன்மிக்க ஒலிப்பெட்டி, வாட்டை இரட்டிப்பதற்கு ஒப்பாகும். திடலின் பொது ஒலியமைப்போடு பேஸ் கித்தாரை இணைத்துவிட்டாலோ, மேடையிலுள்ள கருவி கலைஞர்களுக்குக் கேட்டாலே போதும். எனவே, கூடுதல் வாட் தருவது பெருமுழக்கத்தை அன்று. சிதையாத தெளிவையும், தேவைப்படும் கணத்துக்கான இருப்பையுமே தருகிறது.

“மற்றவர் கூட்டினால் நாமும் கூட்டத்தானே வேண்டும்?” என்று கேட்கலாம். சிக்கலே இங்குத்தான் இருக்கிறது. முரசு உயர, கித்தார் உயர்கிறது. கித்தார் உயர, பேஸ் உயர்கிறது. தனித்தனியே நோக்கின் ஒவ்வொருவர் செயலும் நியாயமே. முடிவில் பாடுவோரின் சொல் எவர்க்கும் கேட்பதில்லை. எல்லாரும் வென்று இசை தோற்கும் விந்தை அது.

இளங்கோவடிகள் அரங்கேற்று காதையில் தண்ணுமை ஆசிரியனின் இலக்கணத்தைக் கூறுகிறார். பிற கருவிகள் குறையுமிடத்தை அவன் நிரப்புவான், மிகுமிடத்தை அடக்குவான், எதுவும் அளவு கடவாமல் காப்பான். நிரப்புவதற்கு ஆற்றல் வேண்டும். அடக்குவதற்கு அறிவு வேண்டும். இன்றைய மேடையில் பேஸ் கித்தாருக்கும் இப்பணி பொருந்தும்.

மேடைக்கு அப்பாலும் மக்கள் உளர். லயன் வீடுகளைவிட்டுத் தாமான்களில் குடியேறிய குடும்பங்கள் பல. தாழ்ந்த ஒலி சுவரையும் ஊடுருவிச் செல்லும். நோயாளியும் கைக்குழந்தையும் விடியலில் வேலைக்குச் செல்வோரும் அதனை விரும்பி ஏற்றவர் அல்லர். விரும்பி வந்தவர்க்கும் ஓர் எல்லை உண்டு. உலகச் சுகாதார நிறுவனம் 2022இல் வெளியிட்ட நெறியின்படி, இசை நிகழ்ச்சிகளில் ஒலி 15 நிமிடச் சராசரியாக 100 டெசிபலைக் கடத்தல் ஆகாது. பழுதுற்ற செவி நரம்பு பழைய நிலைக்குத் திரும்புவதில்லை. அவ்விழப்பு முதலில் வாசிப்பவரையே சாரும்.

அவ்வாறாயின் சிறிய கருவியோடு நின்றுவிடுவதே நன்றோ? அன்று. தன் சினம் செல்லுமிடத்தில் காப்பவனே சினம் காப்பவன் என்பது வள்ளுவர் கருத்து. வலிமையின்மையால் அமைதியாக இருப்பது அடக்கமாகாது; உயர்த்த இயன்றும் உயர்த்தாதிருப்பதே அடக்கம். 300 வாட் கருவியை வாங்குவோர் அவ்வடக்கத்துக்கான வாய்ப்பையும் பொறுப்பையும் சேர்த்தே பெறுகின்றனர்.

கம்போங் குவாந்தானில் சிலாங்கூர் ஆற்றங்கரை மரங்களில் மின்மினிகள் ஒளிர்கின்றன. அச்சிற்றொளியைக் காணச் செல்வோர் தம் கைவிளக்கை அணைத்துவிடுகின்றனர். இசைக்கும் அத்தகைய இடம் விடுதல் வேண்டும். கருவியைத் தேர்வோர் வாட்டையும் விலையையும் ஒப்பிடட்டும். அத்துடன், எந்தெந்தக் குரல்களுக்கு இடந்தரப் போகிறோம் என்பதையும் எண்ணிப் பார்க்கட்டும். ஆசிரியர்கள் இவ்வெண்ணத்தை மாணவர் உள்ளத்தில் விதைப்பின், நாளைய மேடைகளில் சொல்லும் சுரமும் ஒருங்கே வாழும்.