யார் யாருக்கு அஞ்சுகிறார்?

ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். உண்மைதான். ஆனால் ஒருவர் வாயை மூட ஊரிடம் எத்தனையோ மூடிகள் இருக்கின்றன. அவற்றுள் மிகவும் கண்ணியமாகத் தோன்றுவது ‘அமைதி’ என்னும் மூடி.

பல்லடத்தில் விசைத்தறி வைத்திருக்கும் நண்பர் ஒருவர், தம் மகளைக் கோயமுத்தூரில் ஒரு கல்லூரியில் சேர்த்திருக்கிறார். மாணவர் கூட்டங்களில் பேசப் போவதாக அந்தப் பெண் சொன்னாளாம். “படிக்கப் போற எடத்துல பேச்சு எதுக்குங்க? புள்ளை பத்தரமா ஊடு வந்து சேந்தாப் போதுமுங்க” என்றார் அவர். பெற்ற மனத்தின் கவலையை நான் எள்ளி நகையாட மாட்டேன். பேச்சுரிமையைப் பற்றி எழுதுகிறவர்கள் முதலில் பதில் சொல்ல வேண்டியது இத்தகைய தந்தைமார்களுக்குத்தான்.

அவர் அச்சத்துக்கு ஆதாரம் இல்லாமல் இல்லை. 1996-ல் அண்ணாமலைப் பல்கலைக் கழகத்தில் முதலாண்டு மருத்துவ மாணவர் ஒருவர் ராகிங் கொடுமைக்குப் பலியானார். மறு ஆண்டே தமிழ்நாட்டில் ராகிங் தடைச் சட்டம் வந்தது. அச்சட்டம் அடி உதையை மட்டும் தடுக்கவில்லை. கேலியையும் வசையையும் சேர்த்தே தடுத்தது. பேச்சுரிமை பறிபோயிற்று என்று இதற்காக நாம் வருந்த வேண்டியதில்லை. தப்பிச் செல்ல வழியில்லாத ஒருவனை மூலையில் நிறுத்திச் சொல்லும் சொல், அபிப்பிராயம் அன்று. ஓங்கிய கையின் முதல் அசைவு.

இனி மறுபக்கம். நாமக்கல் அரசு கலைக் கல்லூரியில் தமிழ்ப் பேராசிரியராக இருந்தவர் பெருமாள்முருகன். 2010-ல் வெளிவந்த அவருடைய ‘மாதொருபாகன்’ நாவல் தங்கள் ஊரையும் பெண்களையும் இழிவு செய்கிறது என்று 2014-ன் இறுதியில் திருச்செங்கோட்டில் எதிர்ப்பு மூண்டது. பிரதிகள் எரிந்தன, கடைகள் அடைபட்டன. 2015 ஜனவரி 12-ஆம் நாள் மாவட்ட நிர்வாகம் ‘அமைதிப் பேச்சு’ நடத்தியது. நிபந்தனையற்ற வருத்தம் தெரிவித்து, விற்காத பிரதிகளைத் திரும்பப் பெறுவதாகவும் அவர் கையெழுத்திட்டார். எழுத்தாளன் பெருமாள்முருகன் இறந்துவிட்டான் என்று அவரே அறிவித்தார். பிறகு மாற்றல் பெற்றுச் சென்னைக்குப் போனார். கல்லூரிக்கு வெளியே அடித்த புயல், வகுப்பறையிலிருந்து ஓர் ஆசிரியரைப் பெயர்த்தெடுத்துவிட்டது.

ஊர் அமைதியாயிற்று. ஆனால் அது எத்தகைய அமைதி? நூலைப் பிடிக்காதவர் மூடி வைத்திருக்கலாம், எதிர்த்துக் கூட்டம் போட்டிருக்கலாம், மறுத்து எழுதியிருக்கலாம். அவர்கள் மனம் புண்பட்டது பொய் என்று நான் சொல்லவில்லை. ஆயினும் மனம் புண்படுவது வேறு; அஞ்சி ஊரை விட்டுப் போவது வேறு.

2016 ஜூலை 5-ஆம் நாள், அந்த உடன்பாடு அவரைக் கட்டுப்படுத்தாது என்று சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இது புதிய நீதியும் அன்று. ‘ஒரே ஒரு கிராமத்திலே’ என்ற தமிழ்த் திரைப்படத்தைப் பற்றிய வழக்கில், கலகம் வரும் என்ற மிரட்டலுக்காகக் கருத்தை அடக்கக் கூடாது, அதைக் காப்பதே அரசின் கடமை என்று 1989-லேயே உச்ச நீதிமன்றம் கூறியிருந்தது. சட்டம் இருந்தது, துணிவுதான் இல்லை.

இரண்டு நிகழ்ச்சிகளையும் அருகருகே வைத்துப் பாருங்கள். இரண்டிலும் சொல் இருக்கிறது, அச்சமும் இருக்கிறது. விடுதியில் சொன்னவன் வலியவன், கேட்டவன் தனியன். நாமக்கல்லில் சொன்னவர் தனியர், கேட்டவர்கள் கூட்டம். முன்னதில் சொல்லைத் தடுப்பது பாதுகாப்பு; பின்னதில் சொன்னவரைக் காப்பதே பாதுகாப்பு.

தனி மனிதரும் நஞ்சைக் கக்கலாமே என்று கேட்பீர்கள். கக்கலாம். மேடையேறி, இன்ன சாதி மாணவர்களை அடியுங்கள் என்கிறவர் தனியர் அல்லர். அவர் சொல்லுக்குப் பின்னால் பல கைகள் காத்து நிற்கின்றன. குற்றத்துக்குத் தூண்டும் பேச்சைத் தடுக்க அரசியல் சட்டத்தின் 19(2) பிரிவே இடம் தருகிறது. 

ஆகவே, ஒரு மாணவர் பேச அனுமதி கேட்டு வரும்போது, “இதனால் தகராறு வருமா?” என்று கல்லூரி முதல்வர் கேட்பது தவறான கேள்வி. “இங்கே யார் யாருக்கு அஞ்சுகிறார்?” என்று கேட்க வேண்டும். அஞ்சுகிறவர் பக்கம் காவலை நிறுத்த வேண்டும்.

கூட்டத்துக்குப் பயந்து பேசுகிறவரை வெளியேற்றும் கல்லூரி, மிரட்டினால் காரியம் நடக்கும் என்று கற்பிக்கிறது. பாடத் திட்டத்தில் இல்லாத அந்தப் பாடத்தை மாணவர்கள் மறப்பதே இல்லை.