நாய்க்கு ஒரு சித்திரம்

வளர்ப்பு நாயைச் சித்திரமாக எழுதுவிப்பது பணக்காரர்களின் பைத்தியங்களில் ஒன்று என்று சொல்லிவிடுவது சுலபம். மனிதனுக்கே சோறில்லாத உலகத்தில் நாய்க்குப் படமா என்று யாரும் கேட்கலாம். கேள்வியில் நியாயமும் இருக்கிறது. பிரெஞ்சு மன்னன் பதினான்காம் லூயி, தேபோர்த் என்ற ஓவியரைக் கொண்டு 1702-ல் தன் வேட்டை நாய்களை எழுதுவித்தான். படத்தில் இருப்பவை நாய்கள்தாம். ஆனால் பார்க்கிறவன் கண்ணில் படுவது ராஜாவின் செல்வாக்கு.

என்றாலும் விஷயம் அதோடு முடிந்துவிடவில்லை. இதில் இன்னொரு கேள்வி ஒளிந்திருக்கிறது. ஓவியன் யாருக்கு உண்மையாக இருக்க வேண்டும்?

மனிதனைப் படம் எழுதினால் அவன் வந்து பார்ப்பான். 'என் மூக்கு இப்படியா இருக்கிறது?' என்று சண்டை பிடிப்பான். நாய் என்ன செய்யும்? அருகே வந்து முகர்ந்து பார்க்கும்; வர்ணத்தின் நெடி பிடிக்காமல் விலகிப் போய்விடும். கூலி கொடுக்கிறவர் எஜமானர். அவர் கேட்பது நாயை அல்ல. நாயின் கண்களில் தெரிகிற தம்முடைய பெருமையை. ஓவியன் அந்தக் கண்களில் இரண்டு சொட்டு மனிதக் கண்ணீரை வைத்துவிட்டால் எஜமானருக்குத் திருப்தி, கூலியும் கூடும். நாயின் நாய்த்தன்மையைத் திருடிய குற்றத்துக்கு மட்டும் வழக்குப் போட ஆளில்லை.

இங்கிலாந்தில் லாண்ட்ஸீர் என்று ஓர் ஓவியர் இருந்தார். விக்டோரியா மகாராணியின் செல்ல நாய் டாஷை 1836-ல் எழுதியவர் அவர். மறு வருஷம் அவர் எழுதிய ஒரு படத்தில் கிழட்டு இடையன் ஒருவன் இறந்துவிட்டான். சவப்பெட்டியின்மேல் மோவாயை அழுத்திக்கொண்டு அவனுடைய நாய் கிடக்கிறது. வேறு மனிதர் யாருமில்லை. துக்கம் அந்தக் கழுத்தின் பாரத்தில் இருக்கிறது. நாய் நாயாகவே இருக்கிறது. அதே கை 1840-ல் ஒரு நாயை நீதிபதியாக உட்கார்த்தி வைத்து, சுற்றிலும் நாய்களைக் கூட்டிக் கோர்ட்டு நடத்தியது. சிரிப்பு வருகிறது, சந்தேகமில்லை. ஆனால் அங்கே நாய் இல்லை. வக்கீல்களைக் கேலி செய்ய ஒரு முகமூடி வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

ஹோகார்த் 1745-ல் தம்மையும் தம் நாயையும் சேர்த்து எழுதிய படம் இதற்கு நேர் மாறு. அதில் அவர் முகம் படத்துக்குள் இருக்கும் இன்னொரு படம். வெறும் துணிச் சித்திரம். நாயோ அதற்கு வெளியே, உயிரோடு உட்கார்ந்திருக்கிறது. எஜமானர் தம்மைப் பொம்மையாக்கிக்கொண்டு, நாயை நிஜமாக்கிவிட்டார்!

நம் பக்கத்திலும் ஒன்று உண்டு. திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில் ஏழாம் நூற்றாண்டு நடுகல் ஒன்று, முதலாம் மகேந்திரவர்மன் காலத்தது. மாட்டு மந்தையைக் காக்கப் போய் இறந்த வீரனோடு அவன் நாயையும் செதுக்கியிருக்கிறார்கள். அதன் பெயர் கோவிவன் என்றும், கள்ளர் இருவரைக் கடித்து அது காவல் நின்றது என்றும் கல்வெட்டு சொல்கிறது. உபசார வார்த்தை ஒன்றுமில்லை. செய்ததைச் சொன்னார்கள், பெயரைச் சொன்னார்கள். நாய்க்குரிய மரியாதை அதுதான்.

நம்மைப் பற்றி எழுதியது சரியா என்று பார்த்துச் சொல்ல முடியாதவர்கள் உலகத்தில் நாய்கள் மட்டுமல்ல. குழந்தை இருக்கிறது. செத்துப்போனவன் இருக்கிறான். எழுத்தறியாத வண்டிக்காரனும் இருக்கிறான். கதாசிரியர்கள் அவனைப் பக்கம் பக்கமாக அழவைக்கிறோம். அவன் அதைப் படித்து நம்மோடு சண்டைக்கு வரப்போவதில்லை. அந்தத் தைரியத்தில் நாம் என்ன எழுதுகிறோம் என்பதில்தான் நம் யோக்கியதை இருக்கிறது. தட்டிக் கேட்க ஆளிருக்கும் இடத்தில் உண்மை பேசுவது ஜாக்கிரதை. கேட்க ஆளில்லாத இடத்தில் பேசுவதே தர்மம்.