அந்தத் தேவதத்தன்தானே இவன்?

கோவளத்தைத் தாண்டி மாமல்லபுரம் போகிற வழியில், கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி, திருவிடந்தை நித்தியகல்யாணப் பெருமாள் கோயில் இருக்கிறது. 108 திவ்விய தேசங்களில் ஒன்று. காலவ முனிவரின் 360 பெண்களை நாளுக்கு ஒருத்தியாக மணந்த பெருமாள், கடைசி நாளில் அத்தனை பேரையும் ஒருத்தியாக்கி இடப்பக்கத்தில் வைத்துக்கொண்டார் என்கிறது தலபுராணம். கல்யாணம் தள்ளிப்போகிறவர்கள் இங்கே மாலை சாத்துவார்கள். பிரசாதமாகத் திரும்பக் கிடைக்கும் மாலையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு கோயிலை ஒன்பது முறை வலம் வருவார்கள். பிறகு அந்த மாலை வீட்டுக்குப் போய்ச் சாமி படத்தருகே காயும். கல்யாணம் முடிந்ததும் தம்பதியாக, அதே மாலையோடு மறுபடி வரவேண்டும். மணக்க மணக்கப் போன மாலை சருகாகத் திரும்புகிறது. தனியாகப் போனவர் ஜோடியாக வருகிறார். இது வேறு மாலை என்றோ, இவர் வேறு ஆள் என்றோ கோயிலில் யாரும் சொல்வதில்லை.

வீடுகளில் இந்தத் தாராளம் கிடைப்பது அரிது. மாணவர் பரிமாற்றத் திட்டத்தில் ஒரு வருஷம் வெளிநாட்டில் படித்துவிட்டு வந்த பிள்ளையைப் பார்க்க வரும் சொந்தக்காரர்கள் இரண்டில் ஒன்றைச் சொல்வார்கள். “அப்படியேதான் இருக்கே, கொஞ்சம்கூட மாறல” என்றால் பாராட்டு. “ஆளே மாறிட்டான்” என்றால் புகார். நடுவில் மூன்றாவது வார்த்தை ஒன்று இருக்கலாம் என்று யாருக்கும் தோன்றுவதில்லை.

முதல் உலகப் போரில் காயம்பட்டவர்களை ஏற்றிச்சென்ற அமெரிக்க ஆம்புலன்ஸ் ஓட்டுநர்களின் அமைப்பாகத் தொடங்கியது ஏ.எஃப்.எஸ். இன்னொரு போரையும் பார்த்துவிட்டு, 1947 முதல் அது மாணவர்களை நாடு மாற்றி அனுப்ப ஆரம்பித்தது. அமெரிக்க அரசின் கென்னடி–லூகர் திட்டம் 2002இல் வந்தது. இந்தியப் பள்ளி மாணவர்களும் அதில் போகிறார்கள். முன்பின் தெரியாத ஒரு குடும்பத்தின் சாப்பாட்டு மேஜையில் ஒரு கல்வியாண்டு. மீசை அரும்பும் வயதில் அது நீண்ட காலம்தான். போன இடத்தில் முதலில் உற்சாகம், அப்புறம் சரிவு, மெல்லத் தேறுதல் என்ற வளைவை 1955இல் நார்வே சமூகவியலாளர் லிஸ்கார்ட் விவரித்தார். ஊர் திரும்பியபின் அதே வளைவு இன்னொரு முறை வருகிறது என்று 1963இல் குல்லஹார்ன் தம்பதியர் சேர்த்தார்கள். சொந்த ஊர் என்பதால் இந்த இரண்டாவது சரிவுக்கு யாரும் தயாராக இருப்பதில்லை.

உளவியல் இதற்குப் பெயர் வைத்துவிட்டது. ஆனால் அடியில் கிடக்கும் கேள்வி பழையது: போனவனும் வந்தவனும் ஒருவன்தானா?

நம் சமூகம் இதற்கு முதலில் சொன்ன பதில், கழுவிவிடு என்பது. கடல் பயணத்தை ஒருவனைச் சாதியிலிருந்து வீழ்த்தும் குற்றங்களில் சேர்த்தது போதாயன தர்மசூத்திரம். மூன்று வருஷக் கடும் விரதத்தைப் பரிகாரமாக விதித்தது. 1891இல் லண்டனிலிருந்து திரும்பிய காந்தியை அவருடைய அண்ணன் நாசிக்குக்கு அழைத்துப்போய்ப் புண்ணிய நதியில் முழுக்காட்டி, ராஜ்கோட்டில் சாதிக்காரர்களுக்கு விருந்து வைத்தார். அண்ணனின் மனம் கோணாமல் இருக்க இதற்கெல்லாம் உட்பட்டதாகக் காந்தி எழுதியிருக்கிறார். கணித மேதை ராமானுஜன் 1914இல் கேம்பிரிட்ஜ் போய் 1919இல் திரும்பினார். பரிகாரத்துக்காக ராமேஸ்வரம் கூட்டிப்போக அவருடைய தாயார் நினைத்தார். உடம்பு இடம் கொடுக்கவில்லை. 1920 ஏப்ரலில் அவர் இறந்தபோது, கடல் தாண்டிய தீட்டு கழியவில்லை என்று ஆசாரமான உறவினர் பலர் சவச் சடங்குக்கு வரவில்லை என்கிறார் அவருடைய வாழ்க்கை வரலாற்றை எழுதிய ராபர்ட் கனிகல். லண்டன் ராயல் சொசைட்டி உறுப்பினராக்கிப் பெருமைப்படுத்திய மனிதர், சொந்த ஜனங்களுக்கு அந்த ஐந்து வருஷத்தைக் கழிக்காத கணக்காகவே இருந்தார்.

தத்துவவாதிகள் இதே கேள்வியை வேறு மாதிரி எடுத்துக்கொண்டார்கள். இரவு முழுக்க எரியும் விளக்கில் முதல் ஜாமச் சுடரும் கடைசி ஜாமச் சுடரும் ஒன்றா என்று மன்னன் மிலிந்தனிடம் கேட்டார் பௌத்தத் துறவி நாகசேனர். அதுவேயும் அல்ல, வேறும் அல்ல என்பது அவருடைய நிலை. தொடர்ச்சி உண்டு, தொடர்கிற ஆள் என்று தனியே ஒருவர் இல்லை. ‘ஆளே மாறிட்டான்’ என்கிற மாமாவுக்கு இதில் பாதி சம்மதம் கிடைக்கும், பாதி கிடைக்காது.

வேதாந்திகளுக்கு ஒரு வாடிக்கையான உதாரணம் உண்டு: ‘அந்தத் தேவதத்தன் இவன்.’ எப்போதோ எங்கேயோ பார்த்த ஒருவனை இன்று இங்கே பார்த்து அடையாளம் சொல்கிற வாக்கியம் இது. ஊர் திரும்பிய எவரைப் பற்றியும் சொல்லக்கூடியது. அந்த இடமும் இந்த இடமும், அந்தக் காலமும் இந்தக் காலமும் ஒத்துப்போகாது. ஆகவே இரண்டையும் விலக்கிவிட்டு வெறும் தேவதத்தனை மட்டும் எடுத்துக்கொள் என்கிறது அத்வைதம். வைணவ ஆசாரியர் ராமானுஜர் ஸ்ரீபாஷ்யத்தில் இதை மறுக்கிறார். ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் இருந்தால்தானே முரண்பாடு? முன்பு அங்கே இருந்தவன் இப்போது இங்கே இருப்பதில் என்ன முரண்? எதையும் விலக்க வேண்டிய அவசியம் இல்லை. அங்கே இருந்ததும் இங்கே இருப்பதும் சேர்ந்தேதான் அவன் ஒருவன். ஆன்மா மாறுவதில்லை, அதற்குப் பண்பாக அமைந்த அறிவு, தர்மபூத ஞானம், சுருங்கவும் விரியவும் செய்யும் என்பதும் அவருடைய சித்தாந்தத்தில் வரும்.

அத்வைதி பேசியது பிரம்மத்தைப் பற்றி. நாசிக் முழுக்குக்கு அவரைப் பொறுப்பாக்க முடியாது. என்றாலும் ஒரு மனிதனை அடையாளம் காண அவன் வாழ்வில் ஒரு பகுதியைக் கழித்தாக வேண்டும் என்ற எண்ணம், வீட்டுக்குள் வேறு உருவத்தில் உலவுகிறது. “அதெல்லாம் அங்கயே விட்டுட்டு வந்துடு” என்று பெரியவர்கள் சொல்வது அந்தக் கழித்தல்தான். சாப்பிட்ட தட்டைத் தானே கழுவி வைப்பவனை, அப்பாவிடம் காரணம் கேட்பவளை, கதவைத் தட்டிவிட்டு உள்ளே வரச் சொல்பவளை ராமானுஜர் வழியில் பார்த்தால், பழைய பிள்ளை எங்கேயும் தொலையவில்லை. அதற்கு அறிவு ஒரு சுற்று விரிந்திருக்கிறது.

திருவிடந்தைப் பெருமாளைப் பாடிய திருமங்கையாழ்வார், பெரிய திருமொழியில் ஒரு பதிகத்தை முழுக்கத் தாயின் குரலில் அமைத்தார். மகள் கடல் தாண்டவில்லை, வீட்டிலேயே இருக்கிறாள். ஆனாலும் பெருமாள்மேல் கொண்ட காதலில் உருகி, பெற்றவளுக்கே பிடிபடாதவளாகிவிட்டாள். தாய் அவளைப் பழையபடி ஆக்கித் தரும்படி கேட்கவில்லை. இவள் விஷயத்தில் உன் மனதில் என்னதான் நினைத்திருக்கிறாய் என்று பெருமாளிடம் வழக்குக்குப் போகிறாள், மகளின் பக்கம் நின்று.

இத்தனை வாதத்திலும், தேவதத்தனைப் பார்த்து ‘இவன்’ என்று சொல்கிற ஆளைப் பற்றி விவரம் குறைவு. அன்று பார்த்தவனும் இன்று பார்ப்பவனும் ஒருவனாக இல்லாவிட்டால் அடையாளம் காண்பதே நடக்காது என்று நியாய மரபின் தத்துவவாதிகளான நையாயிகர்கள் அந்தப் பக்கத்தை வலியுறுத்தினார்கள். வியன்னாவிலிருந்து நியூயார்க்குக்குக் குடிபெயர்ந்த சமூகவியலாளர் ஆல்ஃபிரெட் ஷூட்ஸ், போரிலிருந்து வீடு திரும்புகிறவர்களைப் பற்றி 1945இல் எழுதிய கட்டுரையில் மற்றொன்றைச் சொன்னார்: திரும்புகிறவன் தேடி வருவது தான் விட்டுப்போன வீட்டை, அது அங்கே இருப்பதில்லை. காந்தி பம்பாயில் கப்பலை விட்டு இறங்கிய பிறகுதான், அம்மா இறந்துபோன சேதியை அண்ணன் சொன்னார். படிப்பின் நடுவே கலங்க வேண்டாம் என்று மறைத்து வைத்திருந்தார்கள். மது, மாது, மாமிசம் தொடமாட்டேன் என்று வாக்குக் கொடுத்துப்போன மகன் திரும்பி வந்தபோது, அந்த வாக்கை வாங்கிக்கொண்டவர் இல்லை.

ஒரு கல்வியாண்டில் எல்லா வீட்டிலும் இவ்வளவு பெரிய இழப்பு நேராது. தம்பிக்குக் குரல் உடைந்திருக்கும், தாத்தாவுக்குக் காது இன்னும் மந்தமாகியிருக்கும், போய் வந்தவளுடைய அலமாரியில் அக்காவின் புடவைகள் ஏறியிருக்கும். பரிமாற்ற அமைப்புகள் ஊர் திரும்பும் மாணவர்களுக்கு மறுபடி பழகிக்கொள்ள வகுப்பு நடத்துகின்றன. அவர்கள் இல்லாதபோது வீடு எப்படி மாறியது என்று எடுத்துச் சொல்ல வேண்டியவர்கள் பெற்றோர்தான். பெரும்பாலான வீடுகளில் அந்தப் பேச்சு, பெட்டியைப் பிரிக்கும் அவசரத்தில் விட்டுப்போகிறது.