யாரிடம் அனுமதி கேட்பது?

ஈஸ்வர சந்திர வித்யாசாகரைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு இடத்தில் நெருடும். 1820ல் வங்காளத்தின் பீர்சிங்கா கிராமத்தில் பிறந்தவர். சமஸ்கிருதக் கல்லூரி முதல்வர். வங்கக் குழந்தைகள் எழுத்து கற்ற ‘வர்ண பரிசய்’ அவர் எழுதியது. விதவைகள் மறுமணம் செய்துகொள்ளலாம் என்று வாதாட அவர் நியாயத்தை மட்டும் நம்பவில்லை. பராசர ஸ்மிருதியைக் கையில் எடுத்தார். 1856ல் சட்டம் வந்தது. அந்த டிசம்பரிலேயே கல்கத்தாவில் முதல் திருமணம். கைக்காசு போட்டு, கடன் வாங்கிப் பல திருமணங்களை நடத்திவைத்தார்.

சரி, பராசரர் அப்படிச் சொல்லாமல் இருந்திருந்தால்? அந்தப் பெண்களின் துயரம் நியாயமாகிவிடுமா? ஆகாது. அது வித்யாசாகருக்கும் தெரிந்திருக்கும். ஊர் மதிக்கும் வாயிலிருந்தே ஊருக்குப் பதில் வாங்கித் தந்தார். அதைத் தந்திரம் என்று குறைசொல்ல மாட்டேன். சட்டம் வருவதற்குள் எத்தனை பேரின் வாழ்க்கை போயிருக்கும்! ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. அனுமதி கிடைத்தது; அனுமதி கொடுக்கும் நாற்காலி அப்படியே இருந்தது.

அதே நாற்காலியை எங்கள் மாவட்டத்திலும் பார்க்கலாம். சின்னாளப்பட்டி பக்கம் காந்திகிராமத்தை 1947ல் தொடங்கிய டாக்டர் சௌந்தரம், டி.வி.சுந்தரம் அய்யங்காரின் மகள். இளம் வயதில் கணவரை இழந்து, டெல்லியில் மருத்துவம் படித்தவர். ஜி.ராமச்சந்திரனை மணக்க விரும்பியபோது வீட்டில் எதிர்ப்பு. காந்தி, இருவரும் ஒரு வருடம் பிரிந்திருக்கச் சொன்னார். இருந்தார்கள். 1940ல் அவர் ஆசியோடு திருமணம் நடந்தது. 1904ல் பிறந்தவர், டாக்டர், முப்பதைத் தாண்டியவர். அவருக்கே ஒரு வருடப் பரீட்சை! பிறகு அவர் திண்டுக்கல் எம்.பி., மத்திய கல்வித் துணை அமைச்சர்.

எங்கள் தொப்பம்பட்டிப் பக்கம் யாரும் ஸ்மிருதி பேசுவதில்லை. பல சாதிகளில் அறுத்துக்கட்டுற வழக்கம் முன்பே இருந்தது. இங்கே பேச்சு சொத்தில்தான் வந்து நிற்கும். அந்த 1856 சட்டத்திலேயே ஒரு பிரிவு: மறுமணம் செய்தால், இறந்த கணவர் சொத்தில் இருந்த உரிமை போய்விடும். ஒரு கையால் கொடுத்து மறு கையால் வாங்கிக்கொண்டது.

பெரியப்பா மகள், என் தங்கச்சி. வயது இருபத்தொன்பது. கணவர் பைக் விபத்தில் போய் இரண்டு வருடம் ஆகிறது. ஒரு பையன். கணவர் தன் பேரில் வாங்கிய ரெண்டு ஏக்கர் தென்னந்தோப்பு இருக்கிறது. போன மாதம் பெரியவர்கள் கூடினார்கள். “சின்னப் புள்ள, எத்தன நாளைக்கு இப்படியே?” என்றார் ஒருத்தர். “கட்டிக்கிட்டா தோப்பு கை மாறிடுமே” என்றார் இன்னொருத்தர். ஆதரவாகப் பேசியவர்களும் எதிர்த்தவர்களும் அவளைத் தவிர எல்லாரையும் பார்த்துப் பேசினார்கள்.

அவள் டீ டம்ளரை எடுத்துக்கொண்டே சொன்னாள்: “கட்டிக்கணும்னு நான் சொல்லல. கட்டமாட்டேன்னும் சொல்லல. எல்லாரும் பதிலோட வந்திருக்கீங்க, கேள்வி யாரு கேட்டா மாமா?”

எனக்கு அந்த இடத்தில்தான் வித்யாசாகர் வேறு மாதிரி தெரிந்தார். 1857, 58ல் வங்கக் கிராமங்களில் 35 பெண் பள்ளிகளைத் திறந்தவர் அவர்தான். அரசு பணம் தர மறுத்தும் அவற்றைக் கைவிடாமல் போராடினார். சுலோகம் காட்டி வாங்கித் தந்த அனுமதியை நாளைக்கு இன்னொரு சுலோகம் காட்டிப் பிடுங்கலாம். படித்தவளிடமிருந்து எழுத்தைப் பிடுங்க முடியாது. சௌந்தரம் ஆசிக்காகக் காத்திருந்தது ஒரு வருடம். அவர் படித்த மருத்துவம் கடைசிவரை அவருடையது. பிறருக்காகப் போராடுகிறவர் யாரிடம் வேண்டுமானாலும் அனுமதி வாங்கட்டும். ஆனால் அடுத்த தடவை அந்தப் பெண் அதைக் கேட்க வேண்டியிராத நிலையையும் சேர்த்து உண்டாக்கணும். இல்லாவிட்டால் அந்த நன்மை பாதிதான்.

தங்கச்சி பி.காம். பழனியில் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுகிறாள். 1956 வாரிசுச் சட்டப்படி தோப்பில் அவளுக்கும் பையனுக்கும் மாமியாருக்கும் சம பங்கு. மறுமணம் செய்தாலும் அவள் பங்கு அவளுடையதுதான். அதைப் படித்துப் பார்த்துவிட்டு, வாரிசுச் சான்றிதழோடு இ-சேவை மையத்தில் பட்டா மாற்றத்துக்கு எழுதிக் கொடுத்திருக்கிறாள். கல்யாணம் பற்றி இன்னும் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை.