பள்ளியிற் பண்ணிசை

சைவாசிரியர்களே,

தில்லையிலே பூட்டிய அறையைத் திறப்பித்துச் சோழமன்னன் திருமுறையேடுகளை வெளிப்படுத்திய வரலாற்றை நீங்கள் ஆண்டுதோறும் மாணாக்கர்க்குக் கூறி வருகின்றீர்கள். புற்று மூடிக் கிடந்தது, எண்ணெய் சொரிந்து அதனை நீக்கினர், செல்லரித்தன போக எஞ்சியவற்றை நம்பியாண்டார் நம்பி வகுத்தார் என்னும் அளவில் அப்பாடம் பெரும்பாலும் முடிந்துவிடுகின்றது. அதன் பின் நிகழ்ந்ததே யாம் ஈண்டுப் பேச எடுத்துக்கொண்ட பொருள். ஏடு கிடைத்த பின்னரும் மன்னனும் நம்பியும் மனநிறைவு எய்தினாரல்லர். சொல் கிடைத்தது, பண் கிடைத்திலது. ஆதலால் எருக்கத்தம்புலியூரிலே, திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த பெண்மணி ஒருவரைக் கண்டறிந்து, அவர் வாயிலாகவே தேவாரத்துக்குப் பண்ணடைவு செய்வித்தனர் என்று திருமுறைகண்ட புராணம் கூறுகின்றது. ஏடு புற்றினுள்ளும் கிடக்கும். பண்ணோ பாடுவார் வாயிலன்றிப் பிறிதோரிடத்துக் கிடவாது.

வன்னிநாட்டார்க்கு இது பழங்கதையன்று. 2009 ஆம் ஆண்டு மே மாதம் முள்ளிவாய்க்காலிலே போர் முடிவுற்றபொழுது, கிளிநொச்சி முல்லைத்தீவு மாவட்டங்களின் மக்கள் ஊரும் உடைமையும் இழந்து செட்டிகுளத்து முகாம்களில் அடைபட்டனர். திருமுறைப் புத்தகங்களும் சுருதிப்பெட்டிகளும் வழியிலே போயின. புத்தகம் மறுபடி வாங்கக் கூடியது. மாலைப்பூசையிலே பஞ்சபுராணம் ஓதி வந்த முதியோருள் மீளாதார் எத்துணைப் பேர்! அவரொடு போன இசையை எந்த அச்சுக்கூடம் அச்சிட்டுத் தரும்?

இனி நம் வகுப்பறையை நோக்குவோம். திருக்கேதீச்சரத்துக்குப் பதிகங்கள் இரண்டு உள. சம்பந்தப்பிள்ளையார் அருளியது இரண்டாந் திருமுறையில் உள்ளது. அதன் பண் நட்டராகம். சுந்தரமூர்த்தி நாயனார் அருளியது ஏழாந் திருமுறையில் உள்ளது. அதன் பண் நட்டபாடை. பெயர் அணுகியிருப்பினும் இசை மிகத் தூரம். ஓதுவார்கள் முன்னதைப் பந்துவராளியிலும் பின்னதைக் கம்பீரநாட்டையிலும் பாடுவது வழக்கம். சிவராத்திரியிலே வவுனியாவிலிருந்தும் கிளிநொச்சியிலிருந்தும் சென்று, பாலாவித் தீர்த்தத்தைத் தம் கையால் முகந்து திருமேனிக்குச் சொரியும் அடியார் பலர். அவர்தம் பிள்ளைகளோ இவ்விரு பதிகத்தையும் ஒரே மெட்டிலே, வாய்பாடு ஒப்பிப்பதுபோல ஒப்பிக்கின்றனர். சைவநெறிப் பாடத்தில் புள்ளி குறையாது, உண்மைதான். ஆயினும் இரண்டு திருவுருவங்களை ஒரே துணியாற் போர்த்து இரண்டும் ஒன்றே என்று காட்டுவாரை என்னென்பது?

“யாம் சங்கீதம் கற்றவரல்லேம்” என்பீர்கள். 1892 இல் காரைதீவிற் பிறந்த விபுலாநந்த அடிகளும் இசைத்தொழின் மரபினரல்லர். விஞ்ஞானம் கற்று, விஞ்ஞானம் கற்பித்து, மானிப்பாய் இந்துக் கல்லூரியிற் தலைமை ஆசிரியராயிருந்து, பின் துறவு பூண்டு மட்டக்களப்பிலே சிவானந்த வித்தியாலயத்தை நிறுவிய அவர், உங்களைப் போன்ற பள்ளிக்கூட ஆசிரியரே. வழக்கொழிந்து போன யாழின் மேல் வைத்த பேராசையினாலே சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையையும் அதன் உரையையும் கணக்கறிவொடு ஆராய்ந்து யாழ்நூல் இயற்றினார். தேவாரவியல் என அதில் ஓர் இயலே உண்டு. 1947 ஜூன் மாதம் திருக்கொள்ளம்பூதூர்த் திருக்கோயிலிலே அந்நூல் அரங்கேறியது. சம்பந்தப்பிள்ளையார் பதிகம் பாடி ஓடம் செலுத்திய தலம் அது. ஏட்டிற் கண்ட யாழ்களுக்கு உருக்கொடுத்து அவையிலே இசைத்தும் காட்டினர். ஏறத்தாழ ஆறு வாரத்தில் அடிகள் இறைவனடி சேர்ந்தார்.

அவர் விளக்கிய பொருளை நீங்கள் ஓர் ஆர்மோனியப் பெட்டி கொண்டே பிள்ளைகளுக்குக் காட்டலாம். யாழுக்கு வீணைபோல மெட்டுக்கட்டை இல்லை. நரம்பு ஒன்றுக்குச் சுரம் ஒன்று. வெள்ளைக் கட்டைகளை அந்நரம்புகளாகக் கொள்க. முதற்கட்டையைச் சட்சமாக வைத்து ஏழு கட்டை ஏறினால் சங்கராபரணம். இரண்டாவதிலே தொடங்கினால் கரகரப்பிரியை, மூன்றாவதிலே தோடி, ஐந்தாவதிலே அரிகாம்போதி. நரம்பு மாறவில்லை, தொடங்குமிடமே மாறிற்று. பண்ணுப்பெயர்த்தல் என்று முன்னோர் வழங்கியது இதுவே. ஏழாவதிலே தொடங்கும் பிள்ளைக்குப் பஞ்சமம் பொருந்தாது இடறும். ஏன் இடறிற்று என்று அவன் வினவுவானாயின் அன்றைய பாடம் பலித்தது. ஆனால் அப்பெட்டியைப் பாட்டுக்குத் துணையாக வையாதிருத்தல் நன்று. கட்டைக்குக் கட்டை தாவுமேயன்றி வளைந்தும் அசைந்தும் செல்லும் கமகம் அதற்கு வாராது. பாடுதற்குச் சுருதிப்பெட்டியே போதும்.

குரல் நன்றாயில்லை என்று கூசுவோர் திருத்தருமபுரத்து நிகழ்ச்சியை நினைக்க. யாழ்ப்பாணர் வாசித்தலாலேயே பதிகம் சிறந்தது என்று சுற்றத்தார் கூற, அதற்கு நாணிய பாணர், யாழில் அடங்காத பதிகமொன்று அருளுமாறு பிள்ளையாரை வேண்டினார். பிள்ளையார் பாடினார், யாழ் தோற்றது. பாணர் யாழை உடைக்க ஓங்கினார். பிள்ளையாரோ அதனைத் தடுத்துக் கையில் வாங்கி, இறைவன் புகழ் கருவியில் முற்றும் அடங்குமோ என்று தேற்றி, இயன்ற அளவில் வாசித்து உடன் வருமாறு பணித்தருளினார். யாழ்ப்பாணர்க்கே அவ்வளவில் அமைந்ததாயின், மூன்று மணிக்குத் தொண்டை வற்றிய ஆசிரியர்க்கு வேறு நியமம் உண்டோ?

ஒலிப்பதிவு இருக்கின்றதே என்பார்க்கும் ஒரு சொல். தருமபுரம் ப. சுவாமிநாதன் அவர்கள் பாடிவைத்த தேவாரங்கள் கைப்பேசியிலும் கேட்கக் கிடைக்கின்றன. அது பெரும்பேறு. முதலில் நீங்கள் பலமுறை கேட்டுப் பழகுக. பின்பு கருவியை மூடிவிட்டு உங்கள் வாயாலேயே சொல்லிக்கொடுங்கள். பிள்ளை பிழைபடப் பாடினால் ஒலிப்பதிவு அறியாது. அது தன்பாட்டிற் போய்க்கொண்டேயிருக்கும். நீங்கள் நிறுத்தித் திருத்துவீர்கள்.

ஒட்டுசுட்டானிலும் உருத்திரபுரத்திலும் கோயிற்குளத்திலும், முறையாகப் பண்ணோதக் கற்ற முதியவர் ஒருவர் உங்களுக்குத் தெரிந்திருப்பின் காலந்தாழ்த்தாது அவரைப் பள்ளிக்கு அழையுங்கள். வெள்ளிக்கிழமைப் பிரார்த்தனையில் அரைமணி நேரம் அவர் பாட, பிள்ளைகள் பின்பாடட்டும். அவர் இசைவு பெற்று ஒலிப்பதிவும் செய்துகொள்க; பதிகத்தின் பெயர், பண், அவர் யாரிடம் கற்றார் என்பனவற்றையும் எழுதிவைக்க. எப்பதிகத்தைத் தொடங்கலாமென்று கேட்பார்க்கு, கேதீச்சரத்து நட்டபாடைப் பதிகத்தைச் சொல்வோம். வாரம் ஒரு பாட்டாகப் பத்து வாரத்தில் முடியும். தைக்கு முன் தொடங்கினால் சிவராத்திரியன்று பாலாவிக்கரையிலே பிள்ளைகளே பாடலாம்.