எழுதப்படாத நாவலுக்குக் கொடுத்த பணம்

எழுதி முடியாத, அல்லது எழுதியும் அச்சேறாத ஒரு நாவலுக்கு வாசகர் முன்கூட்டியே பணம் கட்டுகிறார். அப்போது அவருக்குக் கிடைப்பது என்ன? புத்தகம் இல்லை, அது இன்னும் உருவாகவே இல்லை. தானம் என்றும் சொல்ல முடியாது. தனக்கொரு பிரதி வந்து சேரும் என்று நம்பித்தான் கொடுத்திருக்கிறார். முதலீடும் ஆகாது, நாவல் லட்சம் பிரதி விற்றாலும் லாபத்தில் அவருக்குப் பங்கு கிடையாது. 2009-இல் தொடங்கிய கூட்டுநிதி இணையதளமான கிக்ஸ்டார்ட்டர், தான் ஒரு கடை அல்ல என்று வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறது. கடை இல்லையென்றால் அங்கே கைமாறுவது எது என்பது அறவியல் சார்ந்த கேள்வி. கூட்டுநிதியால் வெளிவரும் ஒவ்வொரு நாவலுக்குள்ளும் அது இருக்கிறது.

இதற்குத் தெளிவான விடை இமானுவேல் காண்ட் 1797-இல் வெளியிட்ட ஒழுக்கவியல் நூலில் கிடைக்கிறது. ஒப்பந்தத்தின் வழியாக ஒருவர் பெறுவது பொருளை அல்ல, மற்றவர் கொடுத்த வாக்கை என்கிறார் காண்ட். பொருள் கைக்கு வரும்வரை அதன்மேல் உரிமை பிறப்பதில்லை. வாக்குக் கொடுத்தவரிடம் ‘சொன்னதைச் செய்’ என்று கேட்கும் உரிமை மட்டுமே உண்டு. நெல்லுக்கு முன்பணம் வாங்கியவர், தன் வயல் பொய்த்துப்போனால் சந்தையில் வாங்கியாவது மூட்டையைக் கொடுத்துவிடலாம். நாவலுக்கு அந்த வழி கிடையாது. வாக்குக் கொடுத்தவரே உட்கார்ந்து எழுதியாக வேண்டும். ஆகவே, இங்கே வாக்கின் கனம் அதிகம்.

இந்த முறை இணையத்தோடு பிறந்தது அல்ல. பதினெட்டாம் நூற்றாண்டு லண்டனில் நூல்களுக்கு முன்சந்தா சேர்ப்பது சாதாரணம். சாமுவேல் ஜான்சன் ஷேக்ஸ்பியர் நாடகங்களின் பதிப்புக்காக 1756-இல் அறிவிப்பு வெளியிட்டுச் சந்தா வாங்கினார். அடுத்த ஆண்டின் இறுதிக்குள் நூல் வந்துவிடும் என்றார். வந்தது 1765-இல். இடையில், சந்தாதாரர் பணத்தை வாங்கிக்கொண்டு நூலைத் தரவில்லை என்று கவிஞர் சார்லஸ் சர்ச்சில் அவரை அச்சிலேயே சாடினார். ஃபேன்னி பர்னி தம் ‘கமில்லா’ நாவலை 1796-இல் ஒரு கினி சந்தாவில் கொண்டுவந்தார். முகப்பில் அச்சிட்ட சந்தாதாரர் பட்டியலில் ஸ்டீவென்டன் ஊரைச் சேர்ந்த ஜே. ஆஸ்டின் என்ற பெயர் இருக்கிறது. அப்போது ஜேன் ஆஸ்டினுக்கு வயது இருபது. அவருடைய முதல் நாவல் வெளிவர இன்னும் பதினைந்து ஆண்டுகள் இருந்தன. தமிழிலும் உ. வே. சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியை அச்சேற்றியபோது முன்கூட்டிக் கையொப்பமிட்டவர்களின் உதவி அவருக்குத் தேவைப்பட்டது. இன்றைய பதிப்பகங்களின் முன்வெளியீட்டுத் திட்டமும் அதே வழியில் வந்ததுதான்.

வாக்கு தாமதமானால் மனத்தாங்கல் வருகிறது; அது புரிகிறது. புத்தகம் நேரத்துக்கு வந்து, பிடிக்காமல் போனால்? இங்கே அரிஸ்டாட்டில் துணைக்கு வருகிறார். நட்பைப் பற்றிப் பேசும் நிகோமாக்கிய அறவியலின் ஒன்பதாம் புத்தகத்தில், வெவ்வேறு வகைப் பொருள்களை மாற்றிக்கொள்பவர்களிடையே மதிப்பை யார் நிர்ணயிப்பது என்று கேட்கிறார். எவ்வளவு நன்றாகப் பாடுகிறாயோ அவ்வளவு அதிகம் தருவேன் என்று ஒரு யாழிசைக் கலைஞனிடம் சொன்னவன், மறுநாள் காலை அந்தக் கலைஞன் பணம் கேட்டபோது, நம்பிக்கையால் உனக்கு இன்பம் தந்தேன், இன்பத்துக்கு இன்பம் சரியாகிவிட்டது என்று கைவிரித்த கதையைச் சொல்கிறார். முன்பணம் வாங்கிவிட்டு, மிகையாக வாக்களித்ததாலேயே எதையும் செய்ய முடியாமல் போகிறவர்கள்மேல் குறை சொல்வது நியாயம் என்றும் சொல்கிறார். அவருடைய முடிவு: மதிப்பிட வேண்டியவர் பெறுகிறவர், ஆனால் பெற்ற பிறகு தோன்றும் மதிப்பை அல்ல, பெறுவதற்கு முன் அவர் வைத்திருந்த மதிப்பையே கணக்கில் கொள்ள வேண்டும். கூட்டுநிதி இந்த விதியை எழுத்துக்கு எழுத்து நடைமுறையாக்கிவிட்டது. நாவல் பிடிக்காத வாசகருக்கு ஏமாற்றம் உண்டு, வழக்கு இல்லை. நாவலே வராத வாசகருக்கு வழக்கு உண்டு.

வாக்கு இருபக்கமும் ஓடும் என்பதை ஸ்டீபன் கிங் 2000-ஆம் ஆண்டில் சோதித்துப் பார்த்தார். ‘தி பிளான்ட்’ என்ற நாவலை ஜூலை முதல் பகுதி பகுதியாகத் தம் இணையதளத்தில் வெளியிட்டார். முதலில் ஒரு பகுதிக்கு ஒரு டாலர். காசு கட்டாமலும் இறக்கிக்கொள்ளலாம். எடுப்பவர்களில் நூற்றுக்கு 75 பேர் கட்டினால் கதை தொடரும் என்பது நிபந்தனை. தொடக்கத்தில் வாசகர்கள் அந்த அளவை எட்டினார்கள். நான்காம் பகுதியில் கட்டியவர்கள் பாதிக்கும் கீழே போனார்கள். டிசம்பரில் ஆறாம் பகுதியை இலவசமாகக் கொடுத்துவிட்டு அவர் நிறுத்திக்கொண்டார். நாவல் இன்றும் முடிவடையாமல் கிடக்கிறது. கிங் வாக்கு மீறினார் என்று சொல்ல இடமில்லை. நிபந்தனையை முதலிலேயே சொல்லியிருந்தார். ஆனால் ஒவ்வொரு பகுதிக்கும் தவறாமல் பணம் கட்டிய வாசகரின் நிலை? அவர் தம் சொல்லைக் காப்பாற்றினார். முகமறியாத மற்றவர்கள் காப்பாற்றாததால் கதையின் முடிவை இழந்தார். ஒருவரின் நேர்மைக்குரிய பலனைப் பிறருடைய நேர்மையோடு கட்டிப்போட்டதுதான் அந்த ஏற்பாட்டின் உண்மையான கோளாறு. குறித்த நாளுக்குள் இலக்குத் தொகை சேர்ந்தால் மட்டுமே பணம் எடுப்பது என்ற கிக்ஸ்டார்ட்டர் விதி இதைச் சரிசெய்கிறது. எல்லோரும் சேர்ந்தாக வேண்டும் என்ற நிபந்தனை முதலிலேயே தீர்ந்துவிடுகிறது. கட்டியவர் பிறருக்காகத் தண்டனை அனுபவிப்பதில்லை.

பணம் கொடுத்தவருக்குக் கதையின் போக்கில் குரல் உண்டா? இல்லை. காண்ட் 1785-இல் எழுதிய கட்டுரையில், புத்தகம் என்பது ஆசிரியர் பொதுமக்களிடம் பேசும் பேச்சு என்றார். பேச்சைக் கேட்க முன்வந்தவர் பேச்சாளரின் வாயில் சொற்களைத் திணிக்க முடியாது. பால் கிங்ஸ்நார்த் 1066-இன் நார்மானியப் படையெடுப்புக்குப் பிந்தைய இங்கிலாந்தைப் பற்றிய ‘தி வேக்’ நாவலைப் பழைய ஆங்கிலத்தின் சாயலில் தாமே உருவாக்கிய ஒரு மொழியில் எழுதினார். அன்பவுண்ட் நிறுவனம் வழியே வாசகர் பணத்தால் 2014-இல் வெளிவந்த அது, அந்த ஆண்டு மேன் புக்கர் நெடும்பட்டியலில் இடம்பெற்றது. பெரும்பான்மை வாக்கெடுத்திருந்தால் அந்த மொழி ஒரு பக்கம்கூடத் தாண்டியிருக்காது.

கேட்டதைவிட மிக அதிகம் சேர்ந்தால் அந்த மிகுதி யாருடையது? எழுத்தாளர் பிராண்டன் சாண்டர்சன் 2022 மார்ச்சில், பெருந்தொற்றுக் காலத்தில் வாசகர்களுக்குச் சொல்லாமல் எழுதி முடித்திருந்த நான்கு நாவல்களுக்குக் கிக்ஸ்டார்ட்டரில் 10 லட்சம் டாலர் கேட்டார். 1,85,341 பேர் சேர்ந்து 4 கோடியே 17 லட்சம் டாலருக்கு மேல் கொடுத்தார்கள். நூல்கள் 2023-இல் வரிசையாக வந்து சேர்ந்தன. வாக்கின்படி அவர் கடன் அத்துடன் தீர்ந்தது. ஆனால் திருக்குறளின் ‘செய்ந்நன்றி அறிதல்’ அதிகாரம் வேறொரு அளவுகோல் வைத்திருக்கிறது: உதவியின் அளவு உதவிப் பொருளில் இல்லை, அதைப் பெற்றவரின் பண்பில் இருக்கிறது. அரிஸ்டாட்டில் முன்மதிப்பை அளக்கிறார். வள்ளுவர் பெற்றவரை அளக்கிறார். அந்த நாட்களில் கிக்ஸ்டார்ட்டரில் நிதி கேட்டுக்கொண்டிருந்த மற்றவர்களின் நூல் முயற்சிகள் 300-க்கும் மேற்பட்டவற்றுக்குச் சாண்டர்சன் பணம் கொடுத்தார். எந்த ஒப்பந்தமும் அதைக் கேட்கவில்லை.

கடைசியாக, நடுவில் நிற்பவர். லண்டனில் 2011-இல் தொடங்கிய அன்பவுண்ட், ஆதரித்த வாசகர்களின் பெயர்களை ஒவ்வொரு நூலிலும் அச்சிட்டது. 2025 மார்ச்சில் அது நொடித்துத் திவால் நிர்வாகிகளின் கைக்குப் போனது. எழுத்தாளர்கள் பலருக்குச் சேர வேண்டிய தொகை சேரவில்லை. பதிப்பாளர் ஆசிரியரின் பெயரால், ஆசிரியரின் காரியத்தை நடத்துபவர் என்பது காண்டின் கருத்து. அப்படியானால் வாசகர் கொடுத்த பணம் நடுவில் நிற்பவரிடம் இருக்கும்வரை அது அவருடைய சொத்து அல்ல, ஒரு வாக்கு நிறைவேறுவதற்காக ஒப்படைக்கப்பட்ட அடைக்கலப் பொருள். அதைத் தனிக் கணக்கில் வைக்காமல் நிறுவனத்தின் அன்றாடச் செலவோடு கலக்க அனுமதிக்கும் எந்த ஏற்பாட்டிலும், வாக்குக் கொடுத்த எழுத்தாளரும் அதை நம்பிய வாசகரும் ஒன்றாகவே கடன் கொடுத்தவர்கள் வரிசையின் கடைசியில் நிற்க நேரும்.