அரைக்கால் சட்டை

ஒன்பதாம் வகுப்பில்தான் முதன்முதலாக பேண்ட் போட்டேன். அண்ணனுடைய பழைய பேண்டைப் பிரித்து, இடுப்பைப் பிடித்துத் தைத்தது. அன்று மளிகைக் கடைக்காரர் என்னை “வாங்க தம்பி” என்றார். முந்தின நாள் வரை “வாடா”தான். கணுக்கால் வரை துணி இறங்கியதும் ‘டா’ போய்விட்டது.

தென்னாப்பிரிக்காவின் ராபன் தீவுச் சிறை அதிகாரிகளுக்கும் இந்தக் கணக்கு தெரிந்திருந்தது. 1964 ஜூனில், நிறவெறி அரசு தொடுத்த ரிவோனியா வழக்கில் ஆயுள் தண்டனை பெற்று எழுவர் அங்கே வந்தார்கள். இந்திய வம்சாவளியான அகமது கத்ராடாவுக்கு வயது 34, எல்லோரிலும் இளையவர். அவருக்கு முழுக்கால் சட்டை. 45 வயது நெல்சன் மண்டேலாவுக்கும் 52 வயது வால்டர் சிசுலுவுக்கும் அரைக்கால் சட்டை. கறுப்பருக்கு எத்தனை வயதானாலும் ‘பையன்’தான் என்பது வெள்ளை அரசின் எண்ணம். அங்கே ஜூன், கடுங்குளிர் மாதம் வேறு.

மண்டேலா விடாமல் முறையிட்டார். சில நாட்களில் அவர் அறையில் ஒரு முழுக்கால் சட்டை வந்து கிடந்தது. எந்தக் கோட்டு சூட்டும் தராத மகிழ்ச்சியை அது தந்ததாகப் பின்னாளில் எழுதினார். ஆனால் மற்றவர்களுக்குக் கொடுக்கவில்லை என்று தெரிந்ததும் எடுத்துப் போகச் சொல்லிவிட்டார். கேட்டதும் நீதான், கொடுத்தால் வேண்டாம் என்பதும் நீதானா என்று காவலர் சலித்துக்கொண்டார். கறுப்பருக்குக் கொடுத்த துணியைத் தொடவும் அவர் தயங்கினார். தீட்டு என்றால் என்னவென்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கடைசியில் மேலதிகாரியே வந்து எடுத்துச் சென்றார்.

கத்ராடாவின் நிலைமை வேறு. தனக்கு மட்டும் கிடைத்தது அவரை உறுத்தியது. தோழர்களோ, இருப்பதை விட்டுக்கொடுக்காதே, எல்லோருக்கும் அதைக் கேட்போம் என்றார்கள். முதலில் இது எனக்கு முரணாகவே பட்டது. ஒருவர் திருப்பிக் கொடுக்கிறார், ஒருவர் வைத்துக்கொள்கிறார். யோசித்தால் இரண்டும் ஒன்றுதான். கத்ராடாவுக்குக் கிடைத்தது சட்டம் போட்ட பாகுபாடு. அதை அவர் கழற்றினால் சிறைக்கு ஒரு துணி மிச்சம், அவ்வளவே. மண்டேலாவுக்கு வந்தது வாயடைக்கத் தந்த கூலி.

வேலையிடத்தில் எனக்கும் ஒருமுறை அப்படி ஒரு சலுகை வந்தது. பத்துப் பேர் சேர்ந்து கேட்டோம். எனக்கு மட்டும் கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டேன். அதற்குப் பிறகு அந்தக் கோரிக்கையை நான் எழுப்பவே இல்லை. மற்ற ஒன்பது பேரின் முகத்தைப் பார்த்துப் பேச நெடுநாள் ஆயிற்று.

ராபன் தீவின் கறுப்பினக் கைதிகளுக்கு முழுக்கால் சட்டை கிடைக்கச் சில ஆண்டுகள் பிடித்தன. வந்தபோது எல்லோருக்கும் வந்தது.